கைமாற்றாக இரண்டு மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் நோயுற்றவரையோ முதியவரையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ ஊதியமின்றிப் பார்த்துக்கொள்பவர்கள், தம்மைப் போன்ற மற்றவர்களோடு சேர்ந்து என்ன செய்யலாம் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களும் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நான் கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டேன். எங்கள் அடுக்குமாடியிலும் பக்கத்துப் புளோக்கிலும் என்னைப் போலவே வீட்டோடு இருப்பவர்கள் இன்னும் மூவர் உண்டு என்பது, கிளினிக்கில் மருந்துக்காகக் காத்திருந்தபோதுதான் தெரிய வந்தது. நாங்கள் ஒரு குழுவாகச் சேரலாம் என்று நினைக்கிறோம். "நாலு பேரும் ஒரே கஷ்டத்தில் இருக்கிறீர்கள், யாருக்கும் நேரமில்லை, ஒருவருக்கொருவர் என்ன செய்துவிட முடியும்?" என்று என் அக்கா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் அக்காவின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடாமல் தொடங்கப்படும் குழுக்கள் நீடிப்பதில்லை. நாலு பேர் உட்கார்ந்து மனக்குறையைச் சொல்லி அழுதுவிட்டு எழுந்துபோவது ஆறுதல்தான் என்றாலும், வீடு திரும்பியதும் அதே ஈரத்துணியும் அதே தூக்கமில்லாத இரவும் காத்திருப்பதால், அந்த ஆறுதல் அன்று மாலைக்குள் தீர்ந்துபோகிறது. ஆகவே முதலில் பேச்சையல்ல, நேரத்தைப் பரிமாறிக்கொள்ளுங்கள் என்பதே என் பதில்.

அவசரத்துக்கு அண்டை வீட்டில் வட்டியில்லாமல் பணம் கைமாற்று வாங்குவதைப் போல நேரத்தையும் வாங்கித் திருப்பித் தரலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை உங்கள் அம்மாவோடு ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால், வியாழக்கிழமை அதே நேரத்தில் அவருடைய மாமியாரோடு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். இதில் மொத்த உழைப்பு எங்கே குறைந்தது என்று உங்கள் அக்கா திரும்பவும் கேட்கக்கூடும். உழைப்பு குறையவில்லை; ஆனால் வாரத்தில் எந்த இரண்டு மணி நேரம் உங்களுடையது என்பது முன்கூட்டியே உறுதியாகிவிடுகிறது. நோயாளி தூங்கும் நேரத்தில் தற்செயலாகக் கிடைக்கும் ஓய்வில் காது கதவருகிலேயே இருக்கும். சொல்லி வைத்துக் கிடைக்கும் ஓய்வில்தான் பல் மருத்துவரிடம் நாள் குறிக்கவும், வங்கிக்குப் போய்வரவும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் முடிகிறது. மேலும், பிறர் வீட்டு முதியவரோடு உட்கார்ந்திருப்பது சொந்தத் தாயோடு உட்கார்ந்திருப்பதைப் போன்றதன்று. அவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் நமக்கு வலிப்பதில்லை, ஏனென்றால் அவர் முன்பு எப்படி இருந்தார் என்ற நினைவு நமக்கு இல்லை.

இது நம்மவர்களுக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டப் போன தாய்மார்கள், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் ஒருவரிடம் விட்டுச் சென்றார்கள். லயம் எனப்பட்ட தோட்ட வரிசைவீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடந்த பாட்டிக்குக் கஞ்சி கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே வந்தாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, அந்த வழக்கம் நம்மோடு மாடியேறவில்லை. பன்னிரண்டாம் மாடியில் மூடிய இரும்புக் கதவுக்குப் பின்னால் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியாத நிலை வந்துவிட்டதால், முன்பு தானாக நடந்ததை இப்போது நாள் குறித்து நடத்த வேண்டியிருக்கிறது.

தொடங்கும் முறையில் அவசரம் வேண்டாம். முதல் மாதம் முழுவதும் யாரும் யாரையும் தனியே விட்டுச் செல்லக்கூடாது. வருபவர் உங்களோடு கூட இருந்து, உங்கள் அம்மா எப்படிச் சாப்பிடுகிறார், எதற்குப் பயப்படுகிறார், எந்தச் சாடைக்கு என்ன பொருள் என்பதைப் பார்க்கட்டும். பக்கவாதம் வந்தவரை எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு விலகிவிடக்கூடும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குப் படுத்த நிலையில் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இவை உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும், வருபவருக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, உணவின் பதம், எந்த நிலையில் படுக்கவைப்பது, கடைசியாகத் திருப்பிப் படுக்கவைத்த நேரம், நீங்கள் இருக்கும் இடம், 999 அழைத்தால் சொல்லவேண்டிய முகவரி ஆகியவை அதில் இருக்கட்டும். தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது படுக்கைப் புண்ணைத் தவிர்க்கும் அடிப்படை என்பதால், கைமாற்று நேரத்தையும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது வசதியாக இருக்கும். நீங்கள் திருப்பிவிட்டுப் போனால், வந்து மறுபடி திருப்பலாம்.

எதைக் கைமாற்றக்கூடாது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இன்சுலின் போடுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு செலுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி மாற்றுவது ஆகியவற்றை, தாதியிடமோ இயன்முறை மருத்துவரிடமோ பழகாதவர் செய்யக்கூடாது. பழகுவதற்கும் வழியுண்டு. 2014ஆம் ஆண்டு முதல் அரசாங்கக் கிளினிக்குகளிலிருந்து மருத்துவக் குழுவினர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய படுக்கை நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் வீட்டுச் சிகிச்சைச் சேவை நடந்துவருகிறது. அவர்கள் வருவது நோயாளியைப் பார்ப்பதற்கு மட்டுமன்று, பார்த்துக்கொள்பவருக்குக் கற்றுக்கொடுப்பதற்கும்தான். உங்கள் அம்மாவுக்கு அது கிடைத்தால், தாதி வரும் நாளில் குழுவிலிருந்து இன்னொருவரும் உடனிருந்து கற்றுக்கொள்ள அனுமதி கேளுங்கள். பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்ட நாசாம் என்னும் தேசியப் பக்கவாதச் சங்கத்தையும் அணுகுங்கள். அது 1996ஆம் ஆண்டு, தாமே பக்கவாதத்திலிருந்து மீண்டுவந்த ஜெனட் இயோ தொடங்கியது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். விடுவித்துவிட்ட இரண்டு மணி நேரத்தில் எங்கே போனீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவேண்டாம். மருத்துவமனைக்குப் போனால் நியாயம், முடி திருத்தப் போனால் ஆடம்பரம் என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், அதன் பிறகு யாருக்கும் நேரம் கேட்க மனம் வராது.

கேள்வி: எனக்கு வயது 68. என் மனைவிக்கு மறதிநோய். அவரைக் குளிப்பாட்டுவது முதல் எல்லாவற்றையும் நானே செய்கிறேன். பார்த்துக்கொள்பவர்கள் கூடும் இடங்களில் எல்லாரும் பெண்களாகவே இருக்கிறார்கள். அங்கே என் மனைவியைப் பற்றிப் பேசுவது அவருடைய மானத்தைக் குறைப்பதாகத் தோன்றுகிறது. மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறார். நாங்கள் இருப்பது எங்கள் சொந்த வீடு.
— வாசகர், கெப்போங்

பதில்: ஐயா, உங்கள் மனைவியின் மானத்தைக் காப்பதற்காக நீங்கள் பேசாமலிருப்பதை மதிக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லவேண்டியதில்லை. குளியலறையில் நடப்பதைச் சொல்லாமலே, மாலை ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வது என்று கேட்கலாம்; அதற்கு அனுபவப்பட்ட பதில் வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய்க்கான அறிகுறிகள் இருப்பதாகக் கண்டறிந்தது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கணவர்களும் மகன்களும் கண்டிப்பாக இருக்கிறார்கள். அவர்களும் உங்களைப் போலவே பேசாமலிருக்கிறார்கள்.

மாலையில் கலக்கம் கூடுவது இந்நோயில் பரவலாகக் காணப்படுவது. அவர் கேட்கும் வீடு நீங்கள் இருக்கும் வீடு அன்று. பெரும்பாலும் அவர் சிறுமியாக இருந்த வீடு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராயிருந்தால், அந்த லயத்து வாசலையும் தண்ணீர்க் குழாயையும் பற்றி அவரைப் பேசவிடுங்கள். "இதுதான் நம் வீடு" என்று நிரூபிக்க முயன்றால் கலக்கம்தான் கூடும். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுவதும், அந்த நேரத்தில் கையில் செய்யத்தக்க சிறு வேலை கொடுப்பதும் சில வீடுகளில் பலன் தந்திருக்கின்றன. 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனம் பெட்டாலிங் ஜெயாவில் இயங்குகிறது. நோயாளியோடு வாழ்பவர்களுக்கான சந்திப்புகளை அது நடத்துகிறது. கூட்டமாக உட்கார்ந்து பேசுவது உங்களுக்கு ஒத்துவராவிட்டால், அங்கே வரும் இன்னொரு கணவரின் தொலைபேசி எண்ணை மட்டும் அவர் சம்மதத்தோடு வாங்கிவாருங்கள். இருவர் சேர்ந்தாலும் அது குழுதான்.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் பார்த்துக்கொள்பவர்களுக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள். காலை வணக்கப் படங்களும், சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் கஷாயங்களுமே நிறைந்திருக்கின்றன. போன வாரம் ஒருவர் தன் தகப்பனாரின் படுக்கைப் புண்ணைப் படமெடுத்துப் போட்டுவிட்டார். விலகிவிடலாமா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: விலகவேண்டாம், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நாலைந்து பேரோடு வேறொரு சிறு குழுவைத் தொடங்குங்கள். கையுறை எங்கே மலிவு, எந்தக் கிளினிக்கில் எந்த நாளில் கூட்டம் குறைவு போன்ற தகவல்களுக்குப் பெரிய குழு பயன்படும். நள்ளிரவில் "அப்பா விழுந்துவிட்டார், தூக்க ஆள் வேண்டும்" என்று எழுதினால், ஜெலுத்தோங்கிலிருப்பவருக்கு, தீவின் மறுபக்கத்திலுள்ள பாலிக் பூலாவிலிருந்து யாரும் வர முடியாது.

படத்தைப் பொறுத்தவரை, அதைப் போட்டவரைக் குழுவில் கண்டிக்காமல் தனியே அழையுங்கள். அவர் உதவி கேட்கத்தான் போட்டிருக்கிறார். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தாலே தாதியிடம் காட்டவேண்டிய நிலை. புண் திறந்துவிட்டால் உடனே போகவேண்டும். அதை அவருக்குச் சொல்லிவிட்டு, பிறகு படத்தை நீக்கச் சொல்லுங்கள். தன் உடலை நாற்பது பேர் பார்ப்பதற்கு அந்தப் பெரியவர் சம்மதிக்கவில்லை என்பதை அவர் புரிந்துகொள்வார். கஷாயத்தைப் பொறுத்தவரை, மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தச் செய்தியையும் குழுவில் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவும் அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார்கள், இருவருமே முடியாதவர்கள். சுபாங்கில் இருக்கும் அண்ணன் மாதம் ஒரு தொகை அனுப்புகிறார். "நீ வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சொல்லி, ஒரு நாள்கூட வந்து இருப்பதில்லை. எங்கள் குழுவிலுள்ளவர்கள் சேர்ந்து போய் அவரிடம் பேசுவதாகச் சொல்கிறார்கள். சரியா?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டாம். குழு பஞ்சாயத்தாக மாறினால் குடும்பத்தில் ஒருவர் குற்றவாளியாகிவிடுவார். அதன் பிறகு அவர் அனுப்பும் பணமும் நின்றுபோகலாம். அத்துடன், நீங்கள் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் போகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

குழுவால் ஆகக்கூடியது வேறு. ஒரு வாரத்துக்கு, எழுந்தது முதல் படுக்கும் வரை, இரவில் எழுந்த நேரங்கள் உட்பட, நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். இதைத் தனியே செய்யும்போது பாதியைக் குறிக்க மறந்துவிடுவீர்கள், அவை உங்களுக்கு வேலையாகவே தோன்றாது என்பதால். உடன் உட்காரும் இன்னொருவர்தான், "மாத்திரையைப் பிரித்து வைத்ததை எழுதவில்லையே" என்று நினைவூட்டுவார். அந்தத் தாளை அண்ணனிடம் கொடுத்து, "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவு தங்குவது, அப்பாவை மருத்துவமனைச் சந்திப்புக்கு அழைத்துச் செல்வது என்று குறிப்பான இரண்டு வேலைகளைக் கேளுங்கள். வேலைநாளில் வர முடியாது என்று அவர் சொன்னால், 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, ஊழியர் ஒருவர் தம் வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றியமைக்க எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம் என்பதையும், முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதிலளிக்கவேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும்.

பணத்தைப் பற்றியும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் அவர்களுக்கு அமர்த்தும் பராமரிப்பாளரின் ஊதியத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரியில் விலக்குக் கோரலாம். ஆனால் அந்தப் பராமரிப்பாளர், விலக்குக் கோருபவராகவோ அவருடைய கணவன், மனைவி, பிள்ளையாகவோ இருக்கக்கூடாது என்பது விதி. குடும்பத்தினரின் உழைப்பு நம் நாட்டின் கணக்குகளில் எந்த அளவுக்கு இடம்பெறாமல் இருக்கிறது என்பதை இந்த ஒரு விதியே காட்டுகிறது; இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. உங்கள் அப்பா சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா செலுத்தி, இயலாமை ஓய்வூதியம் பெறுபவராக இருந்து, பிறர் துணையின்றி இருக்க முடியாதவர் என மருத்துவ வாரியம் சான்றளித்தால், மாதம் 500 ரிங்கிட் தொடர் பராமரிப்புப் படி உண்டு. முழுமையாகப் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா தரும் மாத உதவித்தொகை, 2021ஆம் ஆண்டில் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அதற்கான தகுதியை மாவட்ட அலுவலகத்தில் கேட்டறியுங்கள். 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசிகள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் செலுத்திச் சேரக்கூடிய சொக்சோ பாதுகாப்புத் திட்டம் ஒன்று 2022 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. நோயாளியைத் தூக்கும்போது உங்கள் முதுகெலும்புக்கு ஏதேனும் ஆகிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பதை யோசித்து, நீங்கள் அதில் சேர முடியுமா என்று விசாரியுங்கள். இத்தகைய படிவங்களை நிரப்புவதற்கு ஒரு நாள் குழுவாகச் சேர்ந்து போங்கள். ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் நகலெடுக்கலாம். ஒருமுறை நிரப்பியவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

கேள்வி: மூளை முடக்குவாதம் உள்ள என் மகனைப் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துச் செல்கிறேன். வெளியில் காத்திருக்கும் தாய்மார்கள் தினமும் பேசிக்கொள்கிறோம். எங்களுக்கு ஆதரவு வேண்டும் என்று அதிகாரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதலாம் என்கிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்கிறார்கள்.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, நீங்கள் காத்திருக்கும் அந்த மையமே, வீட்டாரும் ஊராரும் சேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையில் உருவானது. சமூக அடிப்படையிலான அந்த மறுவாழ்வுத் திட்டம் 1984ஆம் ஆண்டு திரெங்கானுவின் பத்து ராகிட் வட்டாரத்தில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, பிறகு நாடெங்கும் பரவியது.

எழுதி என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்ற பெண் கிறிஸ்துவச் சபையில் போதகராக இருந்தவர். 1954ஆம் ஆண்டு, தம் 31ஆம் வயதில், பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக அந்தப் பணியை விட்டார். தம்மைப் போன்ற மணமாகாத மகள்கள் படும் பாட்டை 1963ஆம் ஆண்டு பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். அவர் எதிர்பார்த்ததற்கு மேலாக, அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து ஏராளமான கடிதங்கள் வந்தன. அவர்களில் பலர் அதுவரை தம் நிலையைத் தமக்கு மட்டும் நேர்ந்ததாகவே நினைத்திருந்தார்கள். 1965ஆம் ஆண்டு அவர்களுக்கென ஓர் அமைப்பு உருவானது. 1976இல் முழுநேரமாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அரசாங்க உதவித்தொகை வந்தது. அப்போதும் மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது, அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற எண்ணத்தில். தாயைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற பெண் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1986ஆம் ஆண்டு தீர்ப்பளித்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. முதல் கடிதத்திலிருந்து அந்தத் தீர்ப்பு வரை 23 ஆண்டுகள் ஆயின. மேரி வெப்ஸ்டர் 1969ஆம் ஆண்டே இறந்துவிட்டார்.

ஆகவே எழுதுங்கள், ஆனால் நாடு முழுவதற்குமான கோரிக்கையோடு தொடங்காதீர்கள். காத்திருக்கும் தாய்மார்களுக்கு உட்கார நிழலான இடம், மையத்துக்கு வந்துபோகும் வண்டி நேரம், விடுமுறைக் காலத்தில் மாற்று ஏற்பாடு என்று, யாரால் முடிவெடுக்க முடியுமோ அவருக்கே அனுப்பக்கூடிய ஒரு கோரிக்கையை எல்லாரும் கையெழுத்திட்டு மலாயில் எழுதி அனுப்புங்கள். நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பதிலை எங்களுக்கும் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவிலுள்ள ஒருவர், தூக்கமில்லாத இரவொன்றில் தன் தகப்பனாரைக் கையில் அடித்துவிட்டதாகச் சொல்லி அழுதார். நாங்கள் எல்லாரும் திகைத்துப்போனோம். அவரை எப்படி நடத்துவது?
— வாசகி, செராஸ்

பதில்: அவர் அதை உங்களிடம் சொன்னார் என்பதே உங்கள் குழு நன்றாக நடக்கிறது என்பதற்குச் சான்று. ஆனால் இங்கே இருவருடைய பாதுகாப்பு இருக்கிறது. அடித்தவரை அணைத்துக்கொள்வதில் அடிபட்டவரை மறந்துவிடக்கூடாது.

அன்றிரவோ அடுத்த இரவோ ஒருவர் போய்த் தங்கி, அவரைத் தூங்கவிடுங்கள். இதற்கு முன்னுரிமை கொடுங்கள், அறிவுரை பிறகு. பெரியவர் ஏன் இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்பதை மருத்துவரிடம் கேட்கவேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, மாத்திரை கொடுக்கும் நேரம் ஆகியவற்றில் ஒன்று காரணமாயிருந்தால் அதைச் சரிசெய்ய முடியும். திடீரென்று கூடிய குழப்பத்துக்குப் பின்னால் தொற்று இருப்பது முதியவர்களிடம் பலமுறை காணப்படுகிறது. மகனிடமோ மகளிடமோ ஓர் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் தலைக்கேறும்போது, பெரியவர் விழாத நிலையில் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்து, உங்களில் ஒருவரை அழைக்கவேண்டும், எந்த நேரமானாலும். உங்களால் எடுக்க முடியாத நேரத்துக்கு மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணும், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555உம் அவர் கைப்பேசியில் பதிவாகியிருக்கட்டும்.

அடி மறுபடியும் நடந்தாலோ, பெரியவரின் உடலில் காயம் தெரிந்தாலோ, அதை நட்புக்காக மறைக்காதீர்கள். தாலியான் காசே எனப்படும் 15999 என்ற எண்ணில் சமூக நல அதிகாரிகளிடம் பேசலாம். அழைப்பதற்கு முன் அவரிடமே சொல்லிவிட்டு அழையுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் மாதம் ஆளுக்கு 100 ரிங்கிட் போட்டு, தேவைப்படுபவர் ஏலத்தில் எடுத்துக்கொள்ளும்படி கூட்டு நடத்தலாமா?
— வாசகர், ஜாலான் ஈப்போ

பதில்: நடத்தக்கூடாது. 1971ஆம் ஆண்டின் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடைசெய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், பணம் நுழைந்த இடத்தில் நேரக் கைமாற்று நிற்காது. தவணை தவறியவரின் தாயோடு உட்கார யாருக்கும் மனம் வராமல் போகும். பெம்பர்ஸ், பால் மாவு போன்றவற்றைச் சேர்ந்து மொத்தமாக வாங்கி, அன்றே ரசீதைக் காட்டிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: எங்களோடு இருந்த ஒருவரின் தாயார் அண்மையில் இறந்துவிட்டார். துக்கத்துக்குப் போய்வந்தோம். அதன் பிறகு அவர் எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள் அவர் முன்னால் போய் நின்றால் அவருக்கு வேதனையாயிருக்குமோ என்று தயங்குகிறோம். அவர் வாங்கிய மருத்துவக் கட்டில் ஒன்று இருக்கிறது. எங்களில் ஒருவருக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது.
— வாசகி, செத்தாபாக்

பதில்: பல ஆண்டுகள் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர், அந்த ஒருவரை இழக்கும்போது தம் நாளின் ஒழுங்கையும் இழக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வரும், எழுந்து செய்ய ஒன்றுமிருக்காது. பதினாறாம் நாள் காரியம் வரை உறவினர் கூட்டம் இருக்கும். அதன் பிறகுதான் வீடு வெறுமையாகும். அந்த நேரத்தில் உங்கள் குழுவும் விலகி நின்றால், தாயோடு சேர்ந்து தோழிகளையும் அவர் இழந்ததாகிவிடும். மேலும், இறுதி மாதங்களில் தாம் கோபத்தில் சொன்ன வார்த்தைகளை அவர் இப்போது எண்ணிக்கொண்டிருக்கலாம். "உனக்கு இனி ஓய்வு" என்று சொல்லும் உறவினரிடம் அதைப் பேச முடியாது. அதே வார்த்தைகளைத் தம் வீட்டில் சொல்லியிருக்கும் உங்களிடம்தான் பேச முடியும்.

ஆகவே போங்கள். இருவருக்கு மேல் வேண்டாம். அவர் திரும்பவும் உங்கள் வீட்டு முதியவரோடு உட்கார வருவதாகச் சொன்னால், சில மாதங்கள் போகட்டும் என்று நீங்களாக முடிவெடுத்துத் தடுக்காதீர்கள்; முதலில் உங்களில் ஒருவர் உடனிருக்கும்போது வந்து பார்க்கட்டும். வர விருப்பமில்லை என்றால், அவருக்குத் திருப்பித் தரவேண்டிய மணி நேரங்கள் எவ்வளவு என்று கணக்குப் பார்த்திருப்பீர்களே, அவற்றை வேறு வழியில் கொடுங்கள். இறப்புப் பத்திரத்தைக் கொண்டு வங்கியிலும் சேமநிதி அலுவலகத்திலும் முடிக்கவேண்டிய வேலைகளுக்குத் துணையாக ஒருவர் போகலாம்.

கட்டிலைப் பற்றி நீங்கள் பேச்செடுக்கவேண்டாம். தேவைப்படுபவருக்கு வாடகைக்கோ, அருகிலுள்ள தொண்டு அமைப்பிலிருந்து இரவலாகவோ ஒன்றுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். அவராகவே எடுத்துப்போகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். அழைக்கும்போது "எப்போது வருகிறீர்கள்" என்று கேட்காமல், "சனிக்கிழமை காலை நாங்கள் வரலாமா" என்று கேளுங்கள். அழைப்பை எடுக்காவிட்டால் அதையே செய்தியாக அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலை போங்கள்.